எழுதாத பக்கத்துக்குக் கீழே என் கையெழுத்து

புதிதாக ஒன்றிய அலுவலகத்துக்கு வந்திருக்கிற உங்களுக்குக் கிராம சபை என்றாலே முதலில் சலிப்புதான் வரும். ஊரெல்லாம் விடுமுறையில் இருக்கும்போது நமக்கு மட்டும் வேலை. சாமியானா, வாடகை நாற்காலி, கரகரவென்று இழுக்கிற மைக். கொடியேற்றி முடிந்ததும் மிட்டாய் வாங்கிக்கொண்டு பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள். மீதிப் பேரைக் கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

எனக்கும் அந்தச் சலிப்பு இருந்தது. பெரம்பலூரில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் மாறி மாறி வேலை பார்த்து, துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றேன். எத்தனை கிராம சபைகளுக்குப் பற்றாளராகப் போயிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பற்றாளர் என்பது பெரிய பதவி ஒன்றுமில்லை. ஊர் கூடிப் பேசியது, முடிவெடுத்தது, அது நோட்டில் ஏறியது என்று அரசுக்குச் சாட்சி சொல்ல ஒன்றியத்திலிருந்து அனுப்பப்படுகிற ஆள்.

அந்தச் சாட்சி வேலையில் நான் ஒரு தவறு செய்தேன். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது அது வெளியே வந்தது. இன்று மனசு லேசாக இருப்பதால் உங்களிடம் மறைக்காமல் சொல்ல முடிகிறது.

எனக்கு மைக்கின் மேல் ஏன் அவ்வளவு நம்பிக்கை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தேர்தல் நாளில் எனக்கு லப்பைக்குடிக்காட்டில் வேலை. மத்தியானத்துக்கு முன்பே வரிசை காலியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கொடுத்த பூத் சிலிப் கையில் இல்லாதவர்களுக்கு ஓட்டு கிடையாது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பெண்கள் பாதி வழியிலேயே திரும்பிப் போனார்கள். வெளிநாட்டில் இருந்த கணவன்மார்கள்கூடப் போன் போட்டு, "வெயில்ல சும்மா நிக்காத, வூட்டுக்குப் போ" என்றார்களாம். நாங்கள் ஒரு ஆட்டோவில் மைக்கைக் கட்டினோம். எந்தெந்த அட்டையைக் காட்டி ஓட்டுப் போடலாம் என்று தெருத் தெருவாக வாசித்தோம். ஒரு மளிகைக் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா, எங்க வூட்டுப் பொம்பளைங்க எழுதிக்கிட்டு இருக்காங்க" என்றார். ஒரு மணி நேரத்தில் வரிசை பழையபடி தெருவரைக்கும் வந்துவிட்டது.

அன்றிலிருந்து வதந்திக்கு மருந்து மைக் என்று மனசில் பதிந்துவிட்டது. சத்தமாகவும் தெளிவாகவும் சொன்னால் ஊர் கேட்கும் என்று நம்பினேன்.

இனி நான் சொல்ல வந்த ஊர். பெயர் வேண்டாம். அரியலூரிலிருந்து டவுன் பஸ் போகிற தூரம்தான். ஊருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பெரிய பள்ளம். லாரி போகிற தடத்தில் வேலிமுள்கூட வெள்ளை பூத்திருக்கும். ஏரிக்கு வடக்கே இருந்த நிலம் மட்டும் இன்னும் தப்பித்திருந்தது. அங்கே முக்கால் ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்தவர்களுக்கு, யாராவது ஒருவர் டேப் பிடித்து வரப்பில் நடந்தாலே அன்று தூக்கம் வராது.

அந்த ஊரில் தெற்குத் தெருவுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. குழாயின் கடைசி அது. அங்கே தனியாக ஒரு மேல்நிலைத் தொட்டி கட்ட வேண்டும். அதற்குக் கிராம சபையின் தீர்மானம் வேண்டும். குடியரசு தினக் கூட்டத்துக்கும் ஊராட்சிச் செயலர் அதையே முக்கியமான பொருளாக மறுபடி வைத்திருந்தார்; ஏன் மறுபடி என்று நான் கேட்கவில்லை. அந்த ஊரின் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேர், அதாவது கோரம், கூடினால்தான் கூட்டம் செல்லும்.

நான் போய் இறங்கியபோது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சாமியானாவின் கீழ் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அதிலும் பாதி தூய்மைக் காவலர்கள், வார்டு உறுப்பினர்கள். ஊராட்சிச் செயலர் குணசேகரன் வேர்த்துப்போய் நின்றார். நாற்பது வயதுக்காரர், நல்ல உழைப்பாளி. பக்கத்து ஊராட்சியில் ஆள் இல்லாததால் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இத கேட்டீங்களா? காலையிலேருந்து எல்லார் போன்லயும் இதான் ஓடுது" என்று தன் போனை நீட்டினார்.

வாட்ஸப்பில் வந்த ஒரு குரல் பதிவு. ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள்.

"அக்கா, யாரும் கையெழுத்துப் போட்டுறாதீங்க. எங்கள அப்படித்தான் ஏமாத்துனாங்க. கிராம சபைன்னு சொல்லி வெத்து நோட்டுல கையெழுத்து வாங்கிக்கிட்டு, கம்மாக்கு வடக்க இருக்க நெலத்தயெல்லாம் குவாரிக்குக் குடுக்க சம்மதம்னு மேல எழுதிக்கிட்டாங்க. பாவிங்க."

அதற்கு மேலே யாரோ, "இது நம்ம ஊருக்குத்தான். இன்னைக்கு யாரும் போகாதீங்க" என்று ஒரு வரி தட்டச்சு செய்து சேர்த்திருந்தார்கள்.

நான் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை பிடித்துவிட்டேன். கம்மா! நம் பக்கத்தில் ஏரியை யாராவது கம்மா என்று சொல்வார்களா? இது மதுரைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. எங்கேயோ எப்போதோ ஒரு பெண் பேசியதை எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். வடக்கே என்ற சொல் பொருந்திப் போனதால் ஊர் பயந்துவிட்டது.

எனக்கு என் காதின் மேல் அவ்வளவு பெருமை வந்தது. கம்மா என்ற சொல்லைப் பிடித்த காது, வெத்து நோட்டு என்ற சொல்லைத் தவறவிட்டதை நான் கவனிக்கவில்லை.

ஊராட்சியின் குப்பை வண்டியில் ஏற்கெனவே ஒலிபெருக்கி இருந்தது. அதில் ஏறி உட்கார்ந்து நானே பேசிக்கொண்டு போனேன். கீழத்தெரு, மேலத்தெரு, தெற்குத் தெரு, ஒன்றும் விடவில்லை.

"உங்க போனுக்கு வந்த குரல் நம்ம மாவட்டத்துக் குரலே இல்ல. நம்ம ஊர்ல ஏரிய யாராவது கம்மான்னு சொல்லுவமா? எங்கயோ நடந்தத இங்க கொண்டாந்து போட்டிருக்காங்க. உங்க தீர்மான நோட்டுல எழுதாத பக்கம்னு ஒண்ணு கெடையாது. இதுக்கு நான் பொறுப்பு. தைரியமா கூட்டத்துக்கு வாங்க."

நான் பொறுப்பு என்று சொன்னேன். நோட்டைத் திறந்து பார்க்காமல் சொன்னேன்.

முப்பது பேர்போல வந்தார்கள். வந்தவர்களும் நாற்காலியில் உட்காராமல் ஓரத்தில் நின்றார்கள். அதில் ஒரு பெண் மட்டும் நேராக மேசைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவெடுக்கிற டேப் தொங்கிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார்.

"மேடம், நான் கீழத்தெரு இந்திராணி. ரவிக்கை தைக்கிறேன். ஏரிக்கு வடக்கால எங்களுக்கு முக்கா ஏக்கரா இருக்கு."

"சொல்லுங்கம்மா."

"அந்தப் பொம்பள கம்மான்னுதான் சொல்லுது. நானும் கேட்டேன். அது எந்த ஊரா வேணா இருக்கட்டும். காந்தி ஜெயந்திக் கூட்டத்துல நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு நான் பாக்கணும்."

"தாராளமா பாருங்க. குணசேகரன், நோட்டக் குடுங்க."

குணசேகரன் என் காதருகே குனிந்தார். "மேடம், கொஞ்சம் இப்படி வாங்களேன். ஒரு விஷயம்."

"எதுக்கு? அவங்க நோட்டத்தான கேக்குறாங்க. குடுங்க" என்று நானே அவர் பையிலிருந்து எடுத்துவிட்டேன்.

காந்தி ஜெயந்தி அன்று நடந்த கூட்டத்தின் தலைப்பு அழகான எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை. அடுத்த பக்கம் வெள்ளை. அதற்கடுத்த பக்கமும் வெள்ளை. அதற்குப் பிறகு வரிசையாகக் கையெழுத்துகள், இரண்டு பக்கம் நிறைய. கடைசியில் ஊராட்சித் தலைவர், செயலர், பற்றாளர்.

பற்றாளர் கையெழுத்து என்னுடையது.

அந்த நாள் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அன்று எனக்கு இரண்டு ஊர்கள். வானம் கறுத்திருந்தது. இங்கே எல்லோரும் கை தூக்கினார்கள், தொட்டி வேண்டும் என்று பேசி முடித்தார்கள். தீர்மானத்தை அலுவலகத்தில் வைத்து எழுதிக்கொள்ளலாம் என்று குணசேகரன் சொன்னார். நானும் கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் பிடிக்க ஓடினேன். எல்லா ஊரிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எல்லா ஊரிலும் நடப்பதால் அது தவறாகத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வட்டார வளர்ச்சி அலுவலர். நல்ல மனிதர்.

"ஆள் சேரலியாமேம்மா? பரவால்ல. கோரம் இல்லன்னு எழுதிட்டு வந்துருங்க. இன்னொரு நாள் வச்சிக்கலாம்."

நோட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். நோட்டை மூடலாம். கோரம் இல்லை என்று ஒரு வரி எழுதலாம். அடுத்த கூட்டத்துக்குள் அந்த வெள்ளைப் பக்கங்களைக் குணசேகரன் நிரப்பிவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்கும் எட்டு மாதம் பத்திரமாகக் கழியும். ஓய்வு பெறும் நேரத்தில் ஒழுங்கு நடவடிக்கை வந்தால் என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டு பென்ஷனுக்காக வருடக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பெரிய நேர்மைக்காரி என்று எண்ணிவிடாதீர்கள். மூடத்தான் கை போனது. ஆனால் இந்திராணி எதிரிலேயே நின்றிருந்தார். நோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் மாறியது அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது மூடினால் இன்று சாயங்காலம் இந்த ஊரிலிருந்தே ஒரு குரல் கிளம்பும். அதில் கம்மா இருக்காது, ஏரிதான் இருக்கும். அதை மறுக்க எந்த மைக்காலும் முடியாது. ஏனென்றால் அது உண்மையாக இருக்கும்.

"அப்புறம் பேசுறேன் சார்" என்று போனை வைத்தேன். நோட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

இந்திராணி விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். தன் கையெழுத்தைக் கண்டுபிடித்தார். மேலே பார்த்தார். நான் மைக்கை எடுத்தேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

"கொஞ்ச நேரத்துக்கு முன்னால எழுதாத பக்கம் கெடையாதுன்னு தெருத் தெருவா சொன்னேன். நான் சொன்னது தப்பு. போன கூட்டத்துல நீங்க போட்ட கையெழுத்துக்கு மேல மூணு பக்கம் வெறுமையா கெடக்கு. அதுக்குக் கீழ நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். நெலத்தப் பத்தி ஒரு எழுத்தும் இல்ல. ஆனா எழுதாம விட்டது எங்க தப்பு. வந்து பாருங்க."

ஓரத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தார்கள். ராமலிங்கம் என்று ஒருவர், அறுபது வயதுக்காரர். அவருக்கும் வடக்கே நிலம் உண்டு. "பாத்தியா! வாய்ஸ்ல சொன்னது நெசந்தான்யா! இந்த அம்மா பொறுப்புன்னு மைக்குல வேற கத்துச்சு!" என்று நோட்டைப் பிடித்து இழுத்தார். அட்டை ஒரு பக்கம் பிய்ந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். தலைவர் வயதானவர், பயந்து பள்ளிக்கூடச் சுவரோரம் ஒதுங்கினார். நான் தவறான முடிவெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கூச்சல் இல்லை.

இந்திராணிதான் நோட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"வுடுங்க மாமா. இத கிழிச்சிட்டா நாளைக்கு எதக் காட்டிக் கேப்பீங்க?"

ராமலிங்கம் கையை எடுத்தார். அப்போது தெற்குத் தெருவிலிருந்து வந்த ஒரு பெண் கேட்டார்.

"அப்ப எங்க தொட்டி? அன்னிக்குக் கை தூக்குனமே, அது?"

குணசேகரன் தலை குனிந்திருந்தார். "தீர்மானம் எழுதுனாத்தானங்க அனுப்ப முடியும். அனுப்பல. ரெண்டு ஊராட்சிய ஒருத்தனே பாக்குறேன். இன்னிக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னே போயிடுச்சு."

"ஆபீஸ்ல இருக்கு, வரும் வரும்னியே" என்றார் அந்தப் பெண். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வெள்ளைப் பக்கத்தால் யாருடைய நிலமும் போகவில்லை. ஆனால் ஒரு தெருவுக்கு நான்கு மாதத் தண்ணீர் போயிருந்தது.

ராமலிங்கம் கேட்டார், "இப்ப என்ன பண்றது?" அவர் அதைக் கேட்ட விதத்தில் சண்டை இல்லை. உண்மையிலேயே வழி கேட்டார். நானும் அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்த வெள்ளைப் பக்கங்களை அடித்தோம். சிவப்பு மை. மூலைக்கு மூலை கோடு. "இப்பக்கங்களில் தீர்மானம் எதுவும் எழுதப்படவில்லை. இவ்வெற்றிடம் ரத்து செய்யப்படுகிறது" என்று தேதியோடு எழுதினேன். நான், தலைவர், செயலர் மூவரும் கையெழுத்திட்டோம். இந்திராணியையும் ராமலிங்கத்தையும் கூடவே போடச் சொன்னேன். ராமலிங்கம் பேனாவை வாங்கிக்கொண்டு, "நெலத்தப் பத்தியும் எழுதணும்" என்றார்.

"பொருள் நிரல்ல இல்லாதத எழுத முடியாதுங்க" என்றார் குணசேகரன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குணசேகரன் சொன்னது நம் அலுவலகப் பழக்கம். ஆனால் ஊர் எதற்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கிறதோ அதைப் பற்றி நோட்டில் ஒரு வரி இல்லாமல் எதற்கு இந்தக் கூட்டம்? மக்கள் எழுப்பிய பொருள் என்று எழுதினால் போயிற்று. எழுதச் சொன்னேன். "ஏரிக்கு வடக்கே உள்ள நிலங்கள் குறித்து இக்கூட்டத்திலோ முந்தைய கூட்டத்திலோ விவாதிக்கப்படவில்லை. எவரும் சம்மதம் அளிக்கவில்லை." நடந்ததை மட்டும் எழுதினோம். ராமலிங்கம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆனால் நூறு பேர் வேண்டுமே. அங்கே ஐம்பதுகூட இல்லை. மறுபடி குப்பை வண்டியில் ஏற எனக்குத் துணிவில்லை. காலையில் ஒன்று சொல்லிவிட்டு மத்தியானம் இன்னொன்று சொல்கிற குரலை யார் கேட்பார்கள்?

"நான் ஒரு வாய்ஸ் போடுறேன்" என்றார் இந்திராணி. மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போனை வாயருகே பிடித்தார்.

"நான் கீழத்தெரு இந்திராணி பேசுறேன். ரவிக்கை தைக்கிற இந்திராணி. கூட்டத்துலேருந்துதான் பேசுறேன். நோட்ட என் கண்ணால பாத்துட்டேன். காந்தி ஜெயந்திக்கு நம்ம போட்ட கையெழுத்துக்கு மேல ஒண்ணும் எழுதாம வெறும் பக்கமா வச்சிருந்தாங்க..."

குணசேகரன் பதறிக் கையை ஆட்டினார். இந்திராணி பதிவை நிறுத்தினார்.

"யக்கா, அந்த வெறும் பக்கத்த வுட்டுட்டுப் பேசலாமே. செவப்பு மையிலதான் அடிச்சாச்சே" என்றார் குணசேகரன்.

உண்மையைச் சொல்கிறேன், அவர் கேட்டதை நானும் மனசுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பதிவு எங்கெங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

"அத வுட்டா என்னைய யாருங்க நம்புவா?" என்றார் இந்திராணி. "காலையில வந்த வாய்ஸ்ல பாதி நெசம் இருக்கு. அதான் எல்லாரும் வூட்லயே குந்திக்கிட்டாங்க. நான் முழுசா சொன்னாத்தான் கெளம்பி வருவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மறுபடி முதலிலிருந்து பேசினார். ஒன்றையும் விடவில்லை. வெறும் பக்கம் இல்லை என்று மேடம் சொன்னது, பிறகு தவறு என்று ஒத்துக்கொண்டது, சிவப்புக் கோடு, நிலத்தைப் பற்றி எழுதிய வரி எல்லாம் சொன்னார். கடைசியில், "இன்னிக்கு எழுதி, படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து. சந்தேகமா இருந்தா வந்து நீங்களே நோட்டப் பாருங்க. தெற்குத் தெருவுக்குத் தொட்டி வேணும்னா இன்னிக்கு வந்தாத்தான் உண்டு" என்று முடித்தார்.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூன்று பெண்கள் வந்தார்கள். நேராக மேசைக்கு வந்து, "எங்க அந்தச் செவப்புக் கோடு?" என்று கேட்டார்கள். பார்த்தார்கள். போனில் படம் பிடித்தார்கள். போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். அறுப்பு வயலிலிருந்து முக்காடு போட்ட துண்டோடு வந்தவர்கள், சோற்றை வடித்துவிட்டு வந்தவர்கள், டீக்கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு வந்தவர். எல்லோரும் முதலில் சிவப்புக் கோட்டைத்தான் பார்த்தார்கள். என் தவறை ஊரே வரிசையில் நின்று பார்த்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு உட்கார உட்கார எனக்கு மூச்சு சீரானது.

இரண்டு மணிக்கு மேல் குணசேகரன் எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் கையைக் காட்டினார். நூறைத் தாண்டிவிட்டது.

தொட்டித் தீர்மானத்தை எழுதி, இரண்டு முறை வாசித்து, கை தூக்கச் சொல்லி, பிறகு கையெழுத்து வாங்கினோம். முதல் கையெழுத்து ராமலிங்கத்துடையது. கடைசி வரிக்கும் தன் பெயருக்கும் நடுவில் ஒரு நூல்கூட நுழையக் கூடாது என்று நெருக்கிப் போட்டார். அவர் பெயரில் லி-யின் கொக்கி மேல் வரியின் மேலேயே ஏறிவிட்டது. யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அன்று பஸ்ஸில் திரும்பினேன். அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக, நடந்ததை ஒன்று விடாமல் நானே எழுதி வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். "கோரம் இல்லன்னு எழுதிட்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். திட்டவில்லை. அவருக்கு என் ஓய்வு தேதி தெரியும்.

இந்திராணியின் குரல் பதிவு மூன்றாம் நாளே மேலிடத்துக்குப் போய்விட்டது. விளக்கம் கேட்டு எனக்கும் குணசேகரனுக்கும் மெமோ வந்தது. அடுத்த ஐந்து வாரம் எப்படிப் போனது என்று விவரிக்க விரும்பவில்லை. விசாரிக்க ஒரு அதிகாரி அந்த ஊருக்கே போனார். நோட்டைப் பார்த்தார். இந்திராணியைக் கூப்பிட்டுக் கேட்டார். இந்திராணி என்ன சொன்னார் என்று பிறகு தலைவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

"மேடம் மேலயும் தப்பு இருக்கு சார். அத அவங்களே சொன்னாங்க. நாங்க கண்டுபுடிக்கல, அவங்கதான் நோட்டத் திருப்பிக் காட்டுனாங்க."

வந்த உத்தரவில் இருந்தது எழுத்து மூலமான எச்சரிக்கை மட்டும்தான். ஓய்வுக்கு அதனால் தடை இல்லை. அந்தக் காகிதத்தைத் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் நின்று மூன்று முறை படித்தேன். எச்சரிக்கப்பட்டதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அந்த அலுவலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். குணசேகரனுக்கும் அதுவேதான். கூடவே அந்த இரண்டாவது ஊராட்சியை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். "தண்டனைன்னு நெனச்சிக் குடுத்துருக்காங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது.

ஒன்று மட்டும் இன்றும் உறுத்துகிறது. அந்த முதல் குரலுக்குச் சொந்தக்காரி யார் என்று தெரியவே இல்லை. அவள் ஊரில் அவள் சொன்னபடியே நடந்திருக்கலாம். அழுதுகொண்டே தன் கதையைச் சொன்ன ஒரு பெண்ணை, நேரில் பார்க்காத நான், மைக் வைத்து, அது நம் விஷயமில்லை என்று தெருத் தெருவாகத் தள்ளிவிட்டேன். அவள் சொன்னதை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டவர்தான் பொய்யர். இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்று எனக்குப் பொறுமை இல்லை.

உங்களுக்கு இனி இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பொய்கள் வரும். படமே பேசுகிற காலம். அதைக் கண்டுபிடிக்கிற வித்தையிலும் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். "அப்படி எதுவும் கிடையாது" என்று சொல்வதற்கு முன் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பாருங்கள். அங்கே ஏதாவது இருந்தால், அதை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். மீதியை நம்புவதா வேண்டாமா என்பதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

மே தினக் கூட்டத்துக்கு அதே ஊரை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தொட்டிக்கு அனுமதி வந்திருந்தது. இடம் குறிப்பதுதான் பாக்கி. பதினோரு மணிக்குள் நாற்காலி நிரம்பிவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் சண்டை. "தெற்குத் தெருன்னு மொட்டையா போடாதீங்க, தெற்குத் தெரு கடைசின்னு போடுங்க. இல்லாட்டி இந்த மொனையிலயே கட்டிட்டுப் போயிருவாங்க" என்று ஒரு பெண் எழுந்து நின்றார். ராமலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குணசேகரன் எழுத எழுத எட்டிப் பார்த்தார். ஒன்றரை மணிக்குப் பாதிப் பொருள்கூட முடியவில்லை. வெயில் சாமியானாவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

"சாப்ட்டுட்டு வந்து மிச்சத்தப் பாப்பம்" என்றார் இந்திராணி. எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

எனக்கு அதன் அர்த்தம் தெரியும். சாப்பாட்டுக்குக் கலைந்த கிராம சபை திரும்பக் கூடியதை என் வேலைக் காலத்தில் நான் பார்த்ததே இல்லை. குணசேகரனும் பேனாவை மூடிவிட்டார். தலைவர் வீட்டிலிருந்து வந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மூன்றரை மணிக்கு முதலில் ராமலிங்கம் வந்தார். அவர் பின்னால் தெற்குத் தெருப் பெண்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நிழல் இருந்த பள்ளிக்கூடச் சுவரோரம் போட்டார்கள். மைக் வயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

"மைக்கு வேணாம் மேடம், அத அணைச்சிருங்க" என்றார் இந்திராணி. "நீங்க நோட்ட எடுத்துக்கிட்டு இங்க வாங்க."

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.